எண்ணியதை எழுதுதல்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் சங்க இலக்கியத்தைப் பற்றியோ, நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யானோ பற்றீரியாவைப் பற்றி எழுதத் துணிந்தேன். பானையைப் பற்றிக் குயவன் பேசாது கொல்லன் பேசுவதா என்று விஞ்ஞான ஆசிரியர்கள் நகைத்தல் கூடும். ஆயினும் யான் எழுதப் புகுவது பற்றீரியாவின் இயல்பைப் பற்றியன்று. அவற்றை எண்ணி எழுதிய ஓர் அப்பியாசக் கொப்பியைப் பற்றியும், அக்கொப்பியில் என் சிவப்பு மை செய்த தீங்கைப் பற்றியுமே யாகும்.

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் வினைச்சொல் இரு பொருள் தரும். ஒன்று, கணக்கிடுதல்; மற்றையது, நினைத்தல். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருத்தல் புலவருக்கு இன்பம் தருவது. பரிசோதனை செய்யும் மாணவனுக்கோ கண்ணியாக அமைவது. “எண்ணியதை எழுதினேன்” என்று அவன் கூறும்போது, கண்ணால் எண்ணியதை எழுதினானா, உள்ளத்தால் எண்ணியதை எழுதினானா என்பதே வினா. விஞ்ஞானக் கல்வி முழுவதும் இவ்வினாவின்மேல் நிற்கின்றது என்பது என் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாந் தரத்தில் பயின்ற மாணவன் ஒருவன் விஞ்ஞானக் கண்காட்சிப் போட்டிக்காக ஒரு பரிசோதனை செய்தான். கடைகளில் விற்கப்படும் வாய் கொப்பளிக்கும் மருந்துநீர், வாயிலுள்ள பற்றீரியாவை எவ்வளவு குறைக்கின்றது என்பதே அவன் எடுத்துக்கொண்ட பொருள். விஞ்ஞான ஆசிரியரின் மேற்பார்வையிற் பரிசோதனை நடந்தது. அறிக்கையைத் தமிழில் எழுதவேண்டியிருந்தமையால், மொழிப்பிழை திருத்துமாறு கொப்பி என்னிடம் வந்தது. இவ்வாறுதான் யான் இவ்விடயத்தில் நுழைந்தேன்.

முறையை யான் அறிந்துகொண்ட அளவிற் கூறுவேன். மூன்று நண்பர்கள் காலையில் தத்தம் உமிழ்நீரைத் தூய குப்பிகளில் எடுத்தனர். பின்னர் மருந்துநீரால் வாயைக் கொப்பளித்து, சிறிது நேரங்கழித்து மீண்டும் எடுத்தனர். உமிழ்நீரை உள்ளவாறே வளர்ப்பூடகத்தில் இட்டால் பற்றீரியா ஒரே படலமாய்ப் படர்ந்துவிடும், எண்ண இயலாது. ஆதலால் 1 மில்லிலீற்றர் உமிழ்நீரைக் கிருமியகற்றிய உப்புநீர் 9 மில்லிலீற்றரிற் கலந்து பத்து மடங்கு ஐதாக்கி, அதிலிருந்து 1 மில்லிலீற்றரை எடுத்து மீண்டும் அவ்வாறே செய்து, இங்ஙனம் நான்கு முறையில் 10,000 மடங்கு ஐதாக்கினர். அதிலே 0.1 மில்லிலீற்றரை ஏகார்த் தட்டிற் பரப்பி, மூடி, ஓரத்தை ஒட்டுநாடாவாற் சுற்றி, மூடியின் உட்புறத்திற் படியும் நீர்த்துளி கீழே சொட்டாதவாறு தலைகீழாக வைத்தனர். உடல் வெப்பமாகிய 37 பாகையில் வளர்த்தால் மனிதனுக்கு நோய் விளைக்கும் இனங்களும் செழித்தல் கூடும். ஆதலின் அறை வெப்பத்திலேயே இரண்டு நாள் வைத்தனர். ஒட்டிய தட்டை எவரும் திறக்கவில்லை. எண்ணி முடிந்தபின் ஆசிரியரே அவற்றை வெளிற்றும் திரவத்தில் அமிழ்த்தி அழித்தார்.

இத்தட்டின் வரலாறு சுவையுடையது. பற்றீரியாவை வளர்க்க முதலில் ஜெலற்றின் என்னும் பொருளையே ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக் பயன்படுத்தினார். அது கோடை வெப்பத்தில் உருகிவிடும். 1881ஆம் ஆண்டளவில், அவருடைய ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வால்ற்றர் ஹெஸ்ஸெ என்பாரின் மனைவியார் ஃபனி ஹெஸ்ஸெ, தாம் அடுக்களையில் இனிப்புப் பண்டம் உறையவைக்கப் பயன்படுத்திய ஏகாரை இதற்குங் கொள்ளலாமே என்றார். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அப்பொருளின் பயனை அவர் ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அயலவரிடம் அறிந்திருந்தார். 1887இல், கொக்கின் உதவியாளராகிய ஜூலியஸ் றிச்சாட் பெத்திரி என்பார் மூடியுடன் கூடிய தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தை அமைத்தார். இன்று எம் மாணவர் கையிலுள்ள பெத்திரிக் கிண்ணம் அதுவே.

ஏகாரின்மேல் விழுந்த ஒரு நுண்ணங்கி, தன்னைக் கண்ணால் எவரும் காண இயலாதபோதும், பல்கிப் பெருகி இரண்டொரு நாளில் ஒரு புள்ளியாய்த் திரண்டுவிடும். இதனை ஆய்வுகூடத்தார் கொலனி என்பர்; யான் திரள் என்பேன். ஒரு திரள் பெரும்பாலும் ஒரு நுண்ணங்கியின் வழித்தோன்றல் எனக் கொள்வதே எண்ணுதற்கு அடிப்படை. தட்டில் 84 திரள் காணப்படின், 84ஐப் பத்தாற் பெருக்கிப் பின் 10,000ஆற் பெருக்க, 1 மில்லிலீற்றர் உமிழ்நீரில் 84 இலட்சம் எனப் பெறப்படும். நம் சமய நூல்கள் பிறவி வேறுபாடுகளுக்குக் கூறும் தொகை ஒரு சிறு கரண்டி உமிழ்நீரில் அடங்குவது கண்டு யான் வியந்தேன். இதுவுங்கூட முழுத்தொகையன்று. மனித வாயில் ஏறத்தாழ 700 இன பற்றீரியா உளவென்பர். அவற்றுட் பல ஒட்சிசன் உள்ளவிடத்து வளரா. பல எந்த ஏகாரிலும் இன்னும் வளர்க்கப்பட்டில. ஆதலால் தட்டு கூறுவது, தன்மேல் வளர்ந்தனவற்றின் கணக்கை மட்டுமே.

நிற்க. கொப்பியில் இருந்த கணக்கு வருமாறு. முதலாமவனிடம் கொப்பளிக்குமுன் 92 திரள், பின் 27. இரண்டாமவனிடம் முன் 84, பின் 21. மூன்றாமவனிடம் முன் 88, பின் 79. வேறொரு நாளில் வெறும் நீராற் கொப்பளித்தபோது சராசரி 86இலிருந்து 76 ஆகியது. மூன்றாமவனின் எண்ணுக்கு அருகே, ஓரத்தில், பென்சிலால் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: “எரியுதெண்டு உடன துப்பிப்போட்டான்.”

அன்பர்களே, இவ்வரியைக் கண்டதும் யான் செய்தது யாதென நினைக்கின்றீர்கள்? இருபது ஆண்டாகக் கட்டுரை திருத்திப் பழகிய கை அன்றோ! ‘எண்டு’ என்பதும் ‘துப்பிப்போட்டான்’ என்பதும் எழுத்து வழக்கிற்கு ஏலா. அறிக்கைக்கு உரிய நடையும் அன்று. சிவப்பு மையால் அவ்வரியை முற்றாக வெட்டினேன். அத்துடன் நின்றேனோ? இல்லை. மூன்றாம் எண் முதலிரண்டோடு ஒவ்வாது நிற்பதைக் கண்டேன். இரண்டு அடி எதுகையாய் வந்து மூன்றாம் அடி பிழைத்த செய்யுளைப் போல அது எனக்குத் தோன்றிற்று. “தம்பி, இந்த எண் அட்டவணையின் அழகைக் கெடுக்கின்றது. இருவரிடம் செய்த பரிசோதனை என்றே செம்பிரதியில் எழுதிவிடும்” என்றேன். அவன் சற்றுத் தயங்கி, “சேர், அதுவும் நடந்ததுதானே” என்றான். “நடந்தவையெல்லாம் கட்டுரையாகா” என்று மறுமொழி கூறினேன். கட்டுரைக்கு அது பொருத்தமான அறிவுரை. பரிசோதனைக்கு அது பொய்யுரை. இவ்வேறுபாட்டை அன்று யான் அறியவில்லை.

செம்பிரதி அழகாக அமைந்தது. மருந்துநீர் பற்றீரியாவை நூற்றுக்கு 73 அளவிற் குறைக்கின்றது என்பது அதன் முடிபு. மூவரையுஞ் சேர்த்திருந்தால் நூற்றுக்கு 52 என்றே வந்திருக்கும்.

கண்காட்சி நாளில் யானும் மாணவனின் அருகே நின்றேன். நடுவர்களுள் முதியவர் ஒருவர் வண்ணப் படங்களையும் வரைபுகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “முதலில் எழுதிய கொப்பி இருக்கின்றதா?” என்று வினவினார். மாணவன் பையிலிருந்து அதனை எடுத்துக் கொடுத்தான். அவர் நெடுநேரம் புரட்டினார். வெட்டிய வரியை வெளிச்சத்திற் பிடித்துப் படித்தார். “மூன்றாமவர் எங்கே?” என்று கேட்டார். மாணவன் என்னைப் பாராமலே, “நான்தான் விட்டனான், சேர்” என்றான்.

யான் பேசவில்லை. என் கண்முன்னே ஒரு சிறுவன் என் குற்றத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டு நின்றான்; சான்றிதழ் பெற்ற, பயிற்றப்பட்ட ஆசிரியனாகிய யான் வாய்மூடி நின்றேன்.

நடுவர் கடிந்துகொள்ளவில்லை. “குப்பியின் மேல் எத்தனை செக்கன் வாயில் வைத்திருக்கச் சொல்லியிருக்கின்றது?” என்றார். “முப்பது” என்றான். “உடனே துப்பியவனுக்கு மருந்துநீரும் வெறும் நீரும் ஏறத்தாழ ஒன்றாகவே வேலை செய்திருக்கின்றன. தம்பி, உம்முடைய கண்டுபிடிப்பு இதுவாக இருந்திருக்கலாம். நீர் இதனை மறைத்துவிட்டீரே” என்று கூறிக் கொப்பியை மூடிக் கொடுத்தார். ஒருவனைக் கொண்டு இம்முடிபை நிறுவ இயலாது என்பது உண்மையே. ஆயினும் அடுத்த பரிசோதனையின் வாயில் அவ்வரியிலேயே திறந்திருந்தது. 10 செக்கன், 20 செக்கன், 30 செக்கன் எனக் கொப்பளித்து எண்ணிப் பார்த்திருக்கலாம். அவ்வாயிலை அடைத்தவன் யான்.

இதன்பின் யான் இத்துறை பற்றிச் சிறிது படித்தேன். ஒல்லாந்து நாட்டு டெல்வ்ற் நகரிலே புடைவை வணிகராய் இருந்த அன்ரனி வன் லீவன்ஹூக் என்பாரின் வரலாறு என்னைப் பெரிதும் நாணச் செய்தது. 1632இற் பிறந்து 1723இல் மறைந்த இவர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர், இலத்தீன் அறியாதவர். தாமே தேய்த்த வில்லைகளால் உருப்பெருக்கி அமைத்துக் கண்டவற்றையெல்லாம் தம் தாய்மொழியிலே கடிதமாக எழுதி இலண்டன் றோயல் சங்கத்துக்கு அனுப்பிவந்தார். 1683ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆந் தேதியிட்ட கடிதம் பல்லிடுக்கின் அழுக்கைப் பற்றியது. தாம் நாடோறும் உப்பினாற் பல் துலக்குவதையும், அவ்வாறிருந்தும் பல்லிடையே தங்கிய வெண்பொருளில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்துவதையும் அதிலே எழுதினார். வாயை என்றுமே துலக்காத முதியவர் ஒருவரின் வாயிற் கண்டதையும் எழுதினார்.

பின்னர் அவர் கடுமையான வினாகிரியால் வாய் கொப்பளித்துப் பார்த்தார். வெளியே எடுத்த அழுக்கில் வினாகிரியைக் கலந்தபோது சிற்றுயிர்கள் மாண்டன. வாயிலோ, கொப்பளித்த பின்னரும் பல்லிடுக்கில் அவை உயிரோடிருந்தன. எதிர்பார்த்தது ஒன்று, கண்டது ஒன்று. ஒவ்வாத அதனை அவர் விட்டுவிடவில்லை. வினாகிரி அழுக்கின் மேற்புறத்தில் உள்ளவற்றையே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று முடிபு கூறினார். பல்லின்மேற் படியும் படலத்தினுள் மருந்துநீர் எளிதிற் புகாது என்று இன்றைய பல் வைத்தியர் கூறுவதும், கொப்பளித்தல் பல் துலக்குதலுக்கு ஈடாகாது என்று அறிவுறுத்துவதும் இதனை ஒட்டியே. முந்நூற்று நாற்பது ஆண்டுக்கு முன்னரே ஒரு புடைவை வணிகர் இதைக் கண்டது, ஒவ்வாததையும் எழுதிவைத்தமையாலன்றோ! அவருடைய கடிதத்தை யான் திருத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகின்றேன்.

திருத்துபவரால் விளையக்கூடிய தீங்கிற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. பட்டாணிச் செடிகளைக் கலந்து பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டல் துறவியார் தம் கணக்குகளை 1866இல் வெளியிட்டார். 1936இல் புள்ளிவிபரவியல் அறிஞர் றொனால்ட் ஃபிஷர் அக்கணக்குகளை ஆராய்ந்து, அவை வேண்டிய அளவுக்கு மேலாகப் பொருந்துகின்றன, இயற்கை இவ்வளவு ஒழுங்காக எண் தராது என்று காட்டினார். மெண்டலின் நேர்மையை அவர் ஐயுறவில்லை. எந்த எண் வரவேண்டும் என்பதை நன்கு அறிந்திருந்த உதவியாளர் எவரோ அவரை ஏமாற்றியிருக்கலாம் என்றே கருதினார். இன்றும் அறிஞர் இதுபற்றி வாதிடுகின்றனர். வழக்கு எவ்வாறு முடியினும், ஓர் ஆய்வாளனுக்கு அன்பு மிகுந்த உதவியாளனே ஆபத்தானவன் என்பது புலனாகின்றது. அவ்வுதவியாளனை யான் நன்கு அறிவேன். கண்ணாடியில் அவன் முகத்தைக் கண்டிருக்கின்றேன்.

கெட்டுப்போன தட்டு என்று வீசப்படவிருந்த ஒன்று உலகிற்குப் பெருநன்மை செய்ததை யாவரும் அறிவர். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் பற்றீரியாத் தட்டிற் பூஞ்சணம் விழுந்தது. அதனைச் சூழ்ந்த திரள்கள் அழிந்திருந்தன. அவர் அதனைக் கவனித்துக் குறித்தார். 1929இற் கட்டுரையாக வெளியிட்டார். பெனிசிலின் பிறந்த கதை அது. கெட்ட தட்டெல்லாம் பெனிசிலின் தருமென்று யான் கூறவில்லை. எது தரும், எது தராது என்பதை எழுதுமுன் அறிய இயலாது என்பதே யான் கூறுவது.

“ஒவ்வாத எண் பெரும்பாலும் தவறினால் வருவதே. அதனையுஞ் சேர்த்துச் சராசரி எடுத்தால் முடிபு பிழைக்காதா?” என்று விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான வினா. தட்டைத் தலைகீழாக வைக்க மறந்தால் நீர் சொட்டித் திரள் பரவும். வெளியிலிருந்து தூசி விழுந்தால் புதிய திரள் தோன்றும். இத்தகைய தட்டைச் சராசரியிலிருந்து நீக்கலாம். ஆனாற் கொப்பியிலிருந்து நீக்கலாகாது. எண்ணை எழுதி, நீக்கியதையும் எழுதி, காரணத்தையும் எழுதினால் அது ஆராய்ச்சி. காரணங் கூறாது நீக்கினால் அது களவு. மேலும், நீக்கும் விதியை எண்ணுமுன் வகுத்தல் வேண்டும். எண்ணியபின் வகுக்கும் விதி நம் விருப்பத்தின் பக்கமே சாயும்.

ஆதலால், மாணாக்கர்காள், திரள்களை எண்ணி எழுதுவோர் கைக்கொள்ள வேண்டியனவாக விஞ்ஞான ஆசிரியரிடம் யான் கேட்டறிந்த சிலவற்றை இங்கே தருகின்றேன். தட்டின் பெயரை மூடியில் எழுதாது அடித்தட்டில் எழுதுக, மூடிகள் மாறிவிடும். எவருடைய தட்டு என்பதை மறைத்து இலக்கமிட்டு, அதனை அறியாத ஒருவரைக் கொண்டு எண்ணுவிக்க. அடிப்புறத்தில் ஒவ்வொரு திரளுக்கும் மையாற் புள்ளியிட்டு எண்ணுக. ஒன்று இருமுறை எண்ணப்படாது. இருவர் தனித்தனி எண்ணி, இரு எண்ணையும் எழுதுக. ஒரு தட்டில் 30 முதல் 300 வரையான திரள்களே நம்பத்தக்க கணக்குத் தரும் என்பது பொதுவாக வழங்கும் அளவு. 30இற் குறையின் தற்செயல் மிகும். 300ஐ விஞ்சின் திரள்கள் ஒன்றையொன்று நெருக்கும். எண்ண இயலாத அளவு நெருங்கியிருப்பின், ஆயிரம் என்றோ ஐந்நூறு என்றோ குத்துமதிப்பிடாது, ‘எண்ண இயலவில்லை’ என்றே எழுதுக.

இன்னும் ஒன்று. வெற்றிடம் வேறு, சுழியம் வேறு. ஒரு தட்டில் திரள் எதுவும் இல்லையாயின் 0 என எழுதுக. கட்டத்தை வெறிதாக விட்டால், எண்ணினீரா, மறந்தீரா, தட்டு உடைந்ததா என எவரும் அறியார். எண்ணுடன் நேரம், வெப்பநிலை, திரளின் நிறம், பருமன், ஓரத்தின் வடிவு, எண்ணியவர் பெயர் ஆகியனவும் எழுதப்படல் வேண்டும். இக்காலத்திற் கைத்தொலைபேசியாற் படம் எடுத்தலும் எளிது. படத்திலே தட்டின் இலக்கம் தெரியுமாறு எடுக்க. பிழை நேர்ந்தால் அழிக்காதீர். அழிறப்பர் ஆய்வுகூடத்துக்குரிய பொருளன்று. ஒரு கோட்டால் வெட்டி, அடியிலுள்ளது படிக்கக்கூடியதாய் இருக்க, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் காரணமுங் காட்டிக் கையொப்பமிடுக.

இவ்வாறு எண்ணி எழுதப் பழகிய மாணவன் பிற்காலத்தில் எந்த விளம்பரத்தையும் எளிதில் நம்பான். கிருமிகளில் நூற்றுக்கு 99.9ஐக் கொல்லும் என்று ஒரு மருந்துநீர் கூறினால், ஆயிரத்துக்கு ஒன்று எஞ்சுமே என்று அவன் கணக்கிடுவான். 84 இலட்சத்தில் 8,400 எஞ்சும்; அவை பத்து முறை இரட்டித்தால் 86 இலட்சமாகிவிடும். எத்தட்டில், எந்த இனத்தை, எத்தனை செக்கன் வைத்து எண்ணினீர்கள் என்று அவன் கேட்பான். நாட்டிற்கு வேண்டிய குடிமகன் அவனே. ஆலும் வேம்பும் பல்லுக்கு நல்லவை என்னும் நம் முன்னோர் வழக்கையும் அவன் இகழமாட்டான். கண்ணை மூடி ஏற்கவும் மாட்டான். வேப்பங்குச்சியால் துலக்குமுன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பான்.

தமிழாசிரியருக்கு இங்கே என்ன வேலை என்பீர்கள். வேலை உண்டு. மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்குவித்தார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கூற இயலும் என்பது இம்மண்ணிற் புதிய செய்தியன்று. ஆனால் தாய்மொழி என்பது செம்பிரதியின் மொழி மட்டுமோ? கண்ட கணத்தில் வாயிலிருந்து வரும் மொழியும் அதுவே. ‘எரியுதெண்டு’ என்று எழுதிய பையன், எரிவையும் அவசரத்தையும் துப்பியதையும் மூன்று சொல்லில் அடக்கிவிட்டான். அதனை ‘எரிவு காரணமாகக் குறித்த காலத்துக்கு முன்னரே உமிழ்ந்துவிட்டான்’ என்று செம்பிரதியில் மாற்றியெழுதுவித்தலே என் கடமை. வெட்டியெறிதல் என் கடமையன்று. சொல்லைத் திருத்தலாம், செய்தியைத் திருத்தலாகாது. எண்ணை ஒருபோதுந் தொடலாகாது.

வாயைத் தூய்மை செய்தல் பற்றிய இப்பரிசோதனை ‘வாய்மை’ என்னும் சொல்லை எனக்குப் புதிதாகக் கற்பித்தது. உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, உடலால் மெய்ம்மை என ஆசிரியர்கள் பொருள் விரிப்பதுண்டு. யானும் எத்தனையோ ஆண்டு அவ்வாறு விரித்திருக்கின்றேன். உடம்பின் தூய்மைக்கு நீரையும் உள்ளத் தூய்மைக்கு வாய்மையையும் வள்ளுவர் கூறிய அதிகாரத்தைக் கரும்பலகையில் எழுதிப் பொழிப்புரைத்தவனும் யானே. கற்பித்தல் எளிது. கண்காட்சி மண்டபத்தில், நடுவரின் முன், ‘நான்தான் வெட்டச் சொன்னேன்’ என்று மூன்று சொற் கூறுதல் அரிதாயிற்று.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்லூரிக்குக் கேடயங்களும் வெற்றிக் கிண்ணங்களும் பல தந்துள்ளீர்கள், நன்றி. இனி ஒரு பரிசு, வெற்றி பெற்ற பரிசோதனைக்கன்றி, மிக நேர்மையாக எழுதப்பட்ட முதற் கொப்பிக்கு வழங்கப்படுக. எதிர்பார்த்தது வாராத பரிசோதனையும் அப்பரிசுக்கு உரியதாகுக. பக்க இலக்கமிட்டுத் தைத்த, தாள் கிழித்தால் தெரிந்துவிடக்கூடிய கொப்பிகளை ஆண்டுதோறும் ஆய்வுகூடத்துக்கு அளியுங்கள். அவை முடிந்தபின் நூலகத்திற் பேணப்படுக. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவன் அவற்றைப் புரட்டி, இன்ன ஆண்டில் இன்ன தட்டு கெட்டது, இன்ன காரணத்தால், என்று படிக்கும் நாளில், இக்கல்லூரியின் உண்மை வரலாறு அங்கேயும் இருக்கக் காண்பான்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். போட்டியில் முதலிடம் பெறவேண்டும் என்னும் ஆசை நமக்கு உண்டு. பெற்றோர்க்கு நம்மினும் மிகுதியாக உண்டு. ஆனால் மாணவனின் எண்ணை நாம் அழகு செய்யும் ஒவ்வொரு முறையும், கண்ணைவிட ஆசிரியரின் முகத்தையே நம்பு என்று அவனுக்குக் கற்பிக்கின்றோம். அப்பாடம் அவனைவிட்டு எளிதில் அகலாது.

பிழையை ஒரு கோட்டால் வெட்டி, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுக என்று மேலே மாணவருக்குக் கூறினேன். அவ்விதி எனக்கும் உரியது. ஆதலால் இம்மலரின் பக்கத்திலே எழுதுகின்றேன்: அன்று கண்காட்சியில் ‘நான்தான் விட்டனான்’ என்று மாணவன் கூறியது சரியன்று. மூன்றாமவனின் எண்ணை விடச் சொன்னவன் யான். ஓரத்து வரியை வெட்டியவனும் யான். அவ்வெண் 79.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!